பஸ்தகிகள் இரானியரா, அரபியரா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். துபாயில் ஒரு வணிக நிறுவனத்தில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறீர்கள். மேலாளரிடம் அமீரக பாஸ்போர்ட். அலுவலகத்தில் அரபி பேசுகிறார், போனில் அம்மாவிடம் வேறு ஏதோ பேசுகிறார். பாரசீகமா என்று கேட்டால் ‘இல்லை, எங்க பாஷை’ என்கிறார். குடும்பப் பெயர் பஸ்தகி. இரானியரா அரபியரா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, ஈத் விடுமுறைக்கு ஊருக்கு வா, பார் என்று கூப்பிட்டிருக்கிறார். பஸ்தக் எங்கே, இவர்கள் யார், போகலாமா என்பது கேள்வி. ‘எங்கே’ என்பதற்கு மேப்பே போதும். உங்களைக் குடைவது அந்தச் சிரிப்புதான் என்று நினைக்கிறேன். அந்த ஊரில் குடிதண்ணீர் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பில் பாதி விளங்கிவிடும்.

முதலில் என்னைப் பற்றி. துபாயின் பழைய கடைவீதிப் பகுதியான தேராவில் ஒரு பஸ்தகி குடும்பத்தின் கடையில் 22 வருடம் கணக்கு எழுதினேன். அவர்கள் ஊருக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். பாஷை காதில் விழுந்து கற்றதுதான். எனக்குப் புரியும், பேசினால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். மொழியியலோ வரலாறோ கல்லூரியில் படித்தவன் இல்லை, பிற்பாடு ஆசையால் வாசித்தவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்தக் என்பது ஒரு ஊர், அதைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு ஷஹ்ரெஸ்தானும் கூட. நம் கணக்கில் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் வைக்கலாம். தெற்கு இரானில் ஹோர்மோஸ்கான் மாகாணத்தின் மேற்குப் பகுதி. வடக்கே பார்ஸ் மாகாணத்தின் லாரெஸ்தான், தெற்கே லெங்கே துறைமுகம். பஸ்தக் ஊரிலிருந்து தெஹ்ரானுக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். துபாய்க்கு 235 கிலோமீட்டர்கூட இருக்காது. மேலாளரின் ஊரை ‘இரானின் ஒரு மூலை’ என்று நினைப்பதைவிட, துபாய்க் கடலின் எதிர்க்கரைக்குப் பின்னால் இருக்கும் மலைக்கிராமம் என்று நினைத்தால் எல்லாம் சரியாக உட்காரும்.

அந்த மலைகள் ஸாக்ரோஸ் தொடரின் தெற்கு விளிம்பு. விரிப்பைக் கையால் ஒரு பக்கம் தள்ளினால் மடிப்பு மடிப்பாக எழும் இல்லையா, அப்படித்தான் அங்கே நிலம் மடிந்திருக்கிறது. மலை ஒரு வரி, பள்ளத்தாக்கு ஒரு வரி, மறுபடி மலை. கிராமங்கள் பள்ளத்தாக்கு நெடுகக் கோத்த மாதிரி கிடக்கின்றன: ஜெனா, கூகெர்த், ஃபதூயே, கௌதே. பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக மலை எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே சுற்றிக்கொண்டு போகவேண்டும். இதோடு உப்பு வேறு. ஐம்பது கோடி வருடத்துக்கு மேல் பழைய உப்புப் படிவம் அடியில் இருந்து பிதுங்கிக்கொண்டு மேலே வந்து, சில இடங்களில் மலையாகவே நிற்கிறது. புவியியல் படித்தவர்கள் இதை உப்புக் குவிமாடம் என்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அழுக்கான பனிமலை மாதிரி இருக்கும். மழை இதைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது. ஆகவே ஓடுகிற ஆற்று நீரும் பல இடங்களில் கரிக்கும். அந்தப் பக்கமெல்லாம் ‘ரூதே ஷூர்’ என்ற பெயரில் ஆறுகள் உண்டு. உப்பாறு என்று பொருள்.

மழை வருடத்துக்கு 150 முதல் 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் நாலைந்து நாள் கொட்டித் தீர்த்துவிடும். சில வருடம் அதுவும் இல்லை. ஜூலையில் 45 டிகிரி சாதாரணம். கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்பு, ஆறும் உப்பு. சரி, மனிதன் குடிப்பது எதை?

பெர்கே என்று ஒன்று கட்டினார்கள். தரையில் கிணற்றைப் போல வட்டமாக, ஆனால் கிணற்றைவிடப் பல மடங்கு அகலமாகத் தோண்டி, உள்ளே ஸாரூஜ் பூசுவார்கள். சுண்ணாம்பு, களிமண், சாம்பல் எல்லாம் சேர்த்துப் பல நாள் அடித்துப் பிசைந்த சாந்து அது, நீர் கசியாது. மேலே குவிமாடக் கூரை. சுற்றிலும் நாலு அல்லது ஆறு வாசல். வருடத்தில் அந்த நாலைந்து நாள் மலைச்சரிவில் வரும் வெள்ளத்தை வாய்க்கால் வெட்டி உள்ளே விடுவார்கள். கூரை இருப்பதால் வெயில் உறிஞ்சாது, வாசல் வழியே காற்று ஓடுவதால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஒரு நல்ல மழைக்கு நிறைந்தால் அடுத்த மழை வரை ஊர் குடிக்கும்.

நான் முதல் தடவை போனபோது என் முதலாளியின் தம்பி ஒரு பெர்கேயைக் காட்டினார். வயல்வெளி நடுவே கவிழ்த்த சட்டி மாதிரி வெள்ளையாக நின்றது. வாசல் கல்லின் விளிம்பில் விரல் ஆழத்துக்கு வரிசையாகப் பள்ளங்கள். என்ன அது, செதுக்கு வேலையா என்று கேட்டேன். அவர் பேசாமல் கயிற்று வாளியை உள்ளே இறக்கி இழுத்துக் காட்டினார். கயிறு போய் அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. பல தலைமுறை இழுத்ததில் கல் தேய்ந்திருக்கிறது. தண்ணீரில் லேசாக மண் வாசனை, சுண்ணாம்பு ருசி. கட்டியவர் அவருடைய பாட்டனாரின் அண்ணன். பம்பாயில் சம்பாதித்த பணமாம். அங்கே பெரிய மனிதர் என்றால் பெர்கே கட்டிப் பொதுவுக்கு எழுதிவைத்தவர். இப்போது குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வந்துவிட்டன. பல பெர்கேக்கள் இடிந்து கிடக்கின்றன. ஆனாலும் டீ போட பெர்கே தண்ணீர்தான் வேண்டும் என்று கேன் எடுத்துக்கொண்டு போகும் கிழவர்களைப் பார்த்தேன்.

இந்த மண்ணில் எத்தனை பேர் பிழைக்கமுடியும் என்று யோசித்துப் பாருங்கள். மழையை நம்பி கோதுமை, பார்லி. பேரீச்சை. வெள்ளாடு. மழை தப்பினால் ஆண்பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம் போவார்கள், அல்லது பம்பாய்க்கு. இது எண்ணெய்க் காலத்துக்கு ரொம்ப முந்தைய பழக்கம். எண்ணெய் வந்தபிறகுதான் இரானியர்கள் துபாய்க்கு வந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு.

உறுதியாகத் தெரிந்த வரலாறு இது. லெங்கே அன்றைக்கு வளைகுடாவின் பெரிய வணிகத் துறைமுகம், முத்து வியாபாரம் செழித்த இடம். பஸ்தக்குக்காரர்களின் கடைகள் அங்கேதான் இருந்தன. அதை ஆண்ட காசிமி என்ற அரபிக் குடும்பத்து ஷேக்குகளை 1887-ல் இரான் அரசு அகற்றிவிட்டு நேரடியாக எடுத்துக்கொண்டது. 1900-ஐ ஒட்டிய வருடங்களில் பெல்ஜிய அதிகாரிகளை அமர்த்திச் சுங்க வசூலை இறுக்கியது. அதே நேரம் எதிர்க்கரையில் துபாயின் ஆட்சியாளர் ஷேக் மக்தூம் பின் ஹஷர் (1894 முதல் 1906 வரை ஆண்டவர்) இறக்குமதி வரியை எடுத்துவிட்டார், வந்தவர்களுக்கு க்ரீக் (ஊருக்குள் புகும் கடற்கழி) ஓரத்தில் இடமும் கொடுத்தார். வணிகன் என்ன செய்வான்? முதலில் கொஞ்ச நாள் தங்கிப் பார்க்கலாம் என்று வந்தார்கள். லெங்கேயில் வரி குறையவில்லை. அப்புறம் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டார்கள். அவர்கள் பவளக்கல்லும் ஜிப்சமும் வைத்துக் கட்டிய குடியிருப்புதான் பஸ்தகியா. நீங்கள் இப்போது அல் ஃபாஹிதி என்று போய்ப் படம் எடுக்கும் இடம். 1980-களில் அதில் பாதியை இடித்துவிட்டார்கள், மிச்சத்தைத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளின் மேல் நிற்கும் காற்றுக் கோபுரங்களைத் துபாயில் பர்ஜீல் என்பார்கள், எதிர்க்கரையில் பாத்கீர், அதாவது ‘காற்றைப் பிடிப்பது’. இன்று அது அமீரகப் பாரம்பரியத்தின் சின்னமாகிவிட்டது. அதில் எனக்கு ஒன்றும் குறையில்லை, ஆனால் எங்கிருந்து வந்தது என்று பலகையில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இரண்டாவது அலை இரானை ஆண்ட ரெஸா ஷா காலத்தில். 1925-ல் கட்டாய ராணுவச் சேவை, 1931-ல் வெளிநாட்டு வணிகம் அரசின் ஏகபோகம், 1936-ல் பெண்களின் முக்காட்டை நீக்கச் சொன்ன உத்தரவு. வணிகமும் மார்க்கமும் இரண்டு கண்ணாக இருந்த இந்த ஊர்களுக்கு மூன்றுமே ஏற்கமுடியாதவை. மறுபடி படகு ஏறினார்கள்.

இப்போது பாஷைக்கு வருகிறேன். இதைத்தான் நிறையப் பேர் தவறாகச் சொல்கிறார்கள். மேலாளர் போனில் பேசுவது அச்சோமி. லாரி என்றும் லாரெஸ்தானி என்றும் சொல்வார்கள். வளைகுடாவில் குடியேறியவர்கள் ‘கோத்மூனி’ என்பார்கள். அதற்கு ‘நம்மவங்க’ என்று அர்த்தம். லார், கெராஷ், எவாஸ், கோஞ்ச், பஸ்தக் எல்லாம் இதன் வட்டாரம். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ராகம் மாறும், ஆனாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும். இது பாரசீகத்தின் வட்டார வழக்கு என்று தெஹ்ரான்காரர்கள் சொல்வதுண்டு. அப்படி இல்லை. ஒரே பாட்டி வழியில் வந்த பங்காளி என்று சொல்லலாம். சாட்சி இலக்கணத்தில் இருக்கிறது.

துபாயில் இருப்பதால் உங்களுக்கு இந்தி கொஞ்சம் பழகியிருக்கும். ‘நான் பார்க்கிறேன்’ என்பதற்கு ‘மை தேக்தா ஹூ’, ஆனால் ‘பார்த்தேன்’ என்று வந்தால் திடீரென்று ‘மைனே தேகா’ என்று ஒரு ‘னே’ ஒட்டிக்கொள்கிறது அல்லவா? அச்சோமியிலும் கிட்டத்தட்ட அதே கூத்து. பாரசீகத்தில் ‘பார்த்தேன்’ என்பது ‘தீதம்’, ஆள் யார் என்பது கடைசியில் வருகிறது, தமிழைப் போல. அச்சோமியில் ‘ஓம்தீ’. நான் என்பதைக் குறிக்கும் ‘ஓம்’ முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது. நீ பார்த்தாய் என்றால் ‘ஓத்தீ’, அவன் பார்த்தான் ‘ஓஷ்தீ’. பார்ப்பது, சொல்வது மாதிரி செயப்படுபொருள் ஏற்கும் வினைகளின் இறந்தகாலத்தில் மட்டும் இப்படி. ஆயிரத்து ஐநூறு வருடத்துக்கு முந்தைய பாரசீகத்தில் இந்த அமைப்பு இருந்தது. இன்றைய பாரசீகம் அதைத் தொலைத்துவிட்டது, அச்சோமி வைத்திருக்கிறது. நான் இதைப் புத்தகத்தில் படிக்குமுன் கடையில்தான் கவனித்தேன். பெரிய முதலாளி சரக்கு வந்ததா என்று ஆளாளுக்குக் கேட்பார். பார்த்தேன், பார்த்தான், பார்த்தோம் என்று பதில் வரும்போதெல்லாம் சொல்லின் வால் மாறாமல் தலை மட்டும் மாறிக்கொண்டிருந்தது. பாரசீகம் தெரிந்த எங்கள் டைப்பிஸ்ட்டுக்கு அதில் பாதிதான் புரியும்.

இதை வைத்துக்கொண்டு ‘எங்கள் பாஷைதான் மாமன்னன் சைரஸ் பேசியது, கலப்படமே இல்லாதது’ என்று இணையத்தில் சிலர் எழுதுவதை நம்பவேண்டாம். ஒரு பழைய கூறு மிஞ்சியிருப்பது ஒன்று, மொத்த மொழியும் பழையது என்பது வேறு. அரபிச் சொற்கள் தாராளமாக உண்டு. நம்மவர்கள் தமிழைப் பற்றி அடிக்கும் பெருமையைக் கேட்டவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல. அச்சோமி என்ற பெயரே எப்படி வந்தது என்பதும் கதைதான். ‘போகிறேன்’ என்பதை இவர்கள் ‘அச்சொம்’ என்பார்கள், அதைக் கேட்டு அடுத்தவர்கள் வைத்த கேலிப் பெயர் என்கிறார்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது, எப்போதும் போய்க்கொண்டே இருந்த சனத்துக்கு. ஆனால் நிரூபிக்கப்பட்டது என்று சொல்லமாட்டேன். சில பெரியவர்களுக்கு இன்றும் இந்தப் பெயர் உறுத்தும். மேலாளரிடம் கோத்மூனி என்றே சொல்லுங்கள், முகம் மலரும்.

பிள்ளைகள் நிலைமை வேறு. பஸ்தக்கில் பள்ளிக்கூடம் பாரசீகத்தில், துபாயில் அரபியும் ஆங்கிலமும். பாட்டி கேட்டால் புரிந்துகொண்டு வேறு பாஷையில் பதில் சொல்லும் பேரக்குழந்தைகளை இரண்டு கரையிலும் பார்த்தேன்.

அரபியரா என்ற கேள்விக்கு இங்கே பாதிப் பதில்தான் தரமுடியும். பஸ்தக்கை நெடுங்காலம் ஆண்ட கான்கள் பனீ அப்பாஸி குடும்பத்தவர். 1258-ல் மங்கோலியர் பாக்தாத்தை அழித்தபின் தப்பி வந்த அப்பாஸிய கலீஃபாக்களின் வாரிசு என்பது அவர்களின் மரபு. அவர்கள் ஆண்டது உறுதி. பாக்தாத் வம்சாவளி என்பது குடும்பம் பாதுகாத்துவரும் நம்பிக்கை, அதற்கு மேல் அழுத்திச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதுபோக, இரானியக் கரையில் சில தலைமுறை வாழ்ந்து திரும்பிய சுன்னி அரபிகள் உண்டு, ஹுவலா என்பார்கள். பஸ்தகிகளையும் சிலர் அதில் சேர்த்துவிடுகிறார்கள், சில பஸ்தகிகளும் சௌகரியம் கருதி மறுப்பதில்லை. நூறு வருடம் இரண்டு பக்கமும் பெண் எடுத்து, பெண் கொடுத்து, கோடு அழிந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு இதுதான் காரணமாக இருக்கும். ஒரே வீட்டில் அண்ணன் பிள்ளைகள் இரானியர், தம்பி பிள்ளைகள் அமீரகத்தவர், மாமா கத்தார் பிரஜை. எங்கள் முதலாளி வீட்டில் கல்யாணம் என்றால் மூன்று நாட்டு பாஸ்போர்ட் ஒரு டிராயரில் கிடக்கும்.

மார்க்கத்தில் சந்தேகமே இல்லை. இரானில் பெரும்பான்மை ஷியா, பஸ்தகிகள் சுன்னி, அதிலும் ஷாஃபி மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி வழி. இரண்டாம் தடவை என்னோடு வந்த அறை நண்பர் காயல்பட்டினத்துக்காரர். மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர், ‘இமாம் குனூத் ஓதினாருங்க, நம்ம ஊருப் பள்ளியில நிக்கிற மாதிரியே இருந்துச்சு’ என்றார். சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகையில் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுவது ஷாஃபி வழக்கம். காயல், கீழக்கரை, கேரளக் கரை, ஏமன் கரை, இந்த மலைக்கிராமம் எல்லாமே ஷாஃபி. வட இந்தியா பெரும்பாலும் ஹனஃபி என்ற வேறு மத்ஹப். கடல்வழி வணிகம் எந்தெந்தக் கரையைத் தொட்டது என்பதற்குத் தொழுகையே ஒரு தடயம். இன்னொரு தடயமும் உண்டு. பக்கத்து நகரமான லாரின் பெயரில் ‘லாரி’ என்று ஒரு வெள்ளிக்காசு ஓடியது. வட்டமாக இருக்காது. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து முத்திரை அடித்தது. அது இந்தியப் பெருங்கடல் முழுக்கச் செல்லுபடியானது. இலங்கையில் அதைத் தூண்டில்முள் போல வளைத்துப் புழங்கினார்கள். மாலத்தீவில் இன்றும் ஒரு ரூஃபியாவுக்கு நூறு லாரி.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது உங்கள் தட்டில் வரும்: மஹ்யாவே. நெத்திலி, சிறு சாளை வகை மீன்களை உப்போடு ஜாடியில் போட்டு வாரக்கணக்கில் வெயிலில் வைத்து, கடுகு, கொத்தமல்லி, சோம்பு, சீரகம் அரைத்துச் சேர்த்து வடித்த சாறு. பழுப்பு நிறம், கெட்டியான மோர்ப் பதம். தவாவில் மாவைக் கையாலேயே மெல்லிசாக இழுத்து, மேலே இதை ஊற்றித் தேய்த்து, சிலசமயம் முட்டையும் உடைத்து விடுவார்கள். மொறுமொறுவென்று எழும்பும். வாசனை நம் கருவாட்டுக் குழம்பு பழகிய மூக்குக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. கடையில் வேலை பார்த்த வடக்கத்திக்காரர்கள்தான் ஜன்னலைத் திறப்பார்கள். கடல் மீன் மலைக்கு மேல் போகவேண்டும், வழியில் கெடக்கூடாது. அதற்கு இதைவிடத் தோதான வழி இல்லை.

ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்றால், பாதி பூட்டிக்கிடக்கிறது. பெரிய பெரிய வீடுகள், வளைகுடாப் பணம். ஏசியின் வெளிப்பெட்டிக்குத் துணி உறை போட்டுக் கட்டி, கேட்டில் பூட்டு. காவலுக்கு ஒரு உறவுக்காரக் கிழவர். பள்ளிக்கூடம், மருத்துவமனைக் கட்டடம், பள்ளிவாசல் என்று எதைக் கேட்டாலும் ‘துபாய்க்காரர் கட்டியது’, ‘கத்தார்க்காரர் கட்டியது’ என்பார்கள். பெர்கே கட்டிய அதே வழக்கம்தான், கட்டடம் மாறிவிட்டது. பண்டிகைக்கும் குளிர்காலத்துக்கும் பூட்டுகள் திறக்கும். பெண்கள் சரிகை வேலை செய்த கால்சட்டை விளிம்பு தெரிய வீட்டுக்கு வீடு போவார்கள். பத்து நாள் கழித்து மறுபடி உறை, பூட்டு.

போகலாமா என்றால், போகலாம், காலம் பார்த்துப் போங்கள். ஈத் வெயில் மாதத்தில் வந்தால் மரியாதையாகத் தள்ளிப்போட்டு, பிப்ரவரியில் வருகிறேன் என்று சொல்லுங்கள். மழை பெய்த வருடமானால் அப்போது அந்தப் பழுப்பு மலையடிவாரம் பச்சை பிடித்திருக்கும். விசா, விமானம், படகு நிலவரம் மாதத்துக்கு மாதம் மாறுவதால் கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் போனது ஷார்ஜாவிலிருந்து லெங்கேக்குப் பயணிகள் படகில், அங்கிருந்து காரில் மலை ஏறி. முடிந்தால் அப்படியே போங்கள். பெட்டியில் நல்ல தேயிலை இரண்டு கிலோ இருக்கட்டும். மேலாளரின் அம்மாவுக்கு என்று தனியாக ஒரு பொட்டலம். ‘பெர்கே தண்ணீரில் போடுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள்.